மோட்டார் ஓடுகிறதா?
வைஃபை சிப்பின் வெளியீட்டுக் கால்களை வலைவழி அறிதல்

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

நம் புதுக்கோட்டை மாவட்டத்தை வானம் பார்த்த பூமி என்பார்கள். மேற்கே அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கம் கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும். கிழக்கே ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கமோ ஆழ்துளைக் கிணறுகளின் தயவால் பலாவும் வாழையும் தென்னையும் பூச்செடிகளுமாய்ப் பசுமை கட்டி நிற்கிறது. அந்தப் பசுமைக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் பலமுறை எழும் கேள்வி ஒன்று உண்டு. "மோட்டார் ஓடுதா?" என்பதே அது.

இக்கேள்விக்கு விடை காண முன்பெல்லாம் ஒரே வழிதான் இருந்தது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பின்மேல் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். விவசாய இணைப்புகளுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வழங்கப்பட்டு வந்ததால், பல நாள் அந்த நடை நள்ளிரவில் அமையும். பாம்பும் முள்ளும் மழையும் அந்த வழியில்தான் இருக்கும். இந்த நடையை மிச்சப்படுத்த மின்னணுவியல் என்ன செய்திருக்கிறது, அது சொல்லும் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

நடையைக் குறைத்த கைப்பேசி

இந்தியாவில் இத்துறையில் முன்னோடியாகக் குறிப்பிடத்தக்கவர் புனே நகரைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால். முதிய வயதிலும் தம் பாட்டனார் மோட்டார் போடுவதற்காகத் தோட்டத்துக்கு நடந்துகொண்டிருந்ததைச் சிறு வயதில் கண்டவர் அவர். பின்னாளில் கைப்பேசியிலிருந்து ஸ்டார்ட்டரை இயக்கும் 'நானோ கணேஷ்' என்னும் கருவியை உருவாக்கினார். 2009ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் அது பரிசு பெற்றது. பின்னர் இத்தகைய கருவிகள் நாடெங்கும் பரவின. நம் மாநிலத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறை, கைப்பேசியால் இயங்கும் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மானியம் அளித்துள்ளது.

இவ்வகைக் கருவியின் உள்ளே நடப்பதைக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு இன்று ஒரு மலிவான வாய்ப்பும் கிட்டியிருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு வைஃபை நுண்கட்டுப்படுத்தி இருந்தால் போதும். நம் ஆய்வுக்கூட மேசையிலேயே முழு அமைப்பையும் செய்து பார்த்துவிடலாம்.

சிப்பும் அதன் கால்களும்

ஷாங்காய் நகரிலுள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் 'இஎஸ்பி 8266' என்ற சிப்பை வெளியிட்டது. 2016இல் அதன் தம்பியாக 'இஎஸ்பி 32' வந்தது. நகத்தளவே உள்ள இந்தச் சிப்புக்குள் ஒரு சிறு கணிப்பொறியும், 2.4 கிகாஹெர்ட்சில் பேசும் வானொலிப் பகுதியும் சேர்ந்தே இருக்கின்றன. 8266இன் கணிப்பொறிப் பகுதி வினாடிக்கு 8 கோடித் துடிப்புகளில் ஓடுகிறது.

சிப்பை வெளியுலகோடு இணைப்பவை அதன் கால்கள். ஆங்கிலத்தில் 'பின்' என்பதைக் கடைக்காரரும் மெக்கானிக்கும் 'கால்' என்றே சொல்வதால் நாமும் அவ்வாறே வழங்குவோம். 8266இல் பொதுப்பயன் கால்கள் 17 உண்டு. ஒவ்வொன்றையும் உள்ளீட்டுக் காலாகவோ வெளியீட்டுக் காலாகவோ நிரலின் மூலம் அமைக்கலாம். வெளியீட்டுக் காலில் 1 என எழுதினால் 3.3 வோல்ட் தோன்றும். 0 என எழுதினால் சுழி வோல்ட் தோன்றும். ஒரு காலிலிருந்து பெறத்தக்க மின்னோட்டம் அதிக அளவாக 12 மில்லி ஆம்பியர்தான். அதைக் கொண்டு ஒரு சிறு எல்இடி விளக்கை எரியவைக்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கோ ஒவ்வொரு முனையிலும் ஏழெட்டு ஆம்பியர் வேண்டும்.

ஆகவே இடையில் ஒரு சங்கிலி தேவைப்படுகிறது. சிப்பின் கால் ஒரு டிரான்சிஸ்டரை இயக்குகிறது. டிரான்சிஸ்டர் ஒரு சிறு ரிலேயை இழுக்கிறது. ரிலே, ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள காண்டாக்டரின் சுருளுக்கு மின்சாரம் தருகிறது. காண்டாக்டர் மூடியதும் மும்முனை மின்சாரம் மோட்டாரை அடைகிறது. மோட்டார் சுழன்று, பம்பு நீரை ஏற்றி, வாய்க்காலில் தண்ணீர் விழுகிறது. இச்சங்கிலியை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரை முழுவதும் இதன் கண்ணிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கப் போகிறோம்.

வலைப்பக்கம் எவ்வாறு பேசுகிறது?

வலை என்பது 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது முன்வைத்த கருத்தாகும். அதன் அடிப்படை மிக எளியது. ஒருவர் ஒரு வரியில் கேட்கிறார். மற்றவர் விடை எழுதி அனுப்புகிறார். கேட்பது நம் கைப்பேசியின் உலாவி. விடை சொல்வது நம் சிப்.

சிப்பைத் தனி வைஃபை நிலையமாக இயக்கினால் அதன் வழக்கமான முகவரி 192.168.4.1 ஆகும். உலாவியில் அந்த முகவரியை எழுதி, ஒரு சாய்கோட்டுக்குப் பின் 'நிலை' என்ற பொருள்படும் சொல் ஒன்றைச் சேர்த்தால், அக்கேள்வி காற்றில் பறந்து சிப்பை அடைகிறது. சிப்பிலுள்ள நிரல் அந்தச் சொல்லைக் கண்டதும் குறிப்பிட்ட காலின் நிலையைப் படித்து, 1 அல்லது 0 என விடையளிக்கிறது. உலாவி அதை 'ஓடுகிறது', 'நின்றுள்ளது' என்று நமக்கு அழகாகக் காட்டுகிறது. நிரல் இருபது முப்பது வரிகளுக்கு மேல் போகாது. மின்னணுவியலில் தொடக்க நிலையில் உள்ளவரும் ஒரு பிற்பகலில் இதைச் செய்து முடித்துவிடலாம்.

செய்து முடித்ததும் பெருமகிழ்ச்சி உண்டாகும். எனக்கும் உண்டாயிற்று. ஆலங்குடிக்கு அருகே எங்கள் சித்தப்பாவின் வாழைத் தோட்டத்தில் சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய ஓர் அமைப்பைப் பொருத்தினேன். மோட்டார்க் கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே வைஃபை எட்டும் தொலைவுதான். சித்தப்பா திண்ணையில் அமர்ந்தபடி கைப்பேசியைத் தொட்டார்; தோட்டத்தில் மோட்டார் உறுமியது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துச் சென்றனர்.

நான்காம் நாள் இரவு, பக்கம் 'ஓடுகிறது' என்றே காட்டியது. சித்தப்பா நிம்மதியாக உறங்கினார். விடிந்து போய்ப் பார்த்தால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஓர் முனையில் மின்னழுத்தம் குறைந்ததால் ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோட் ரிலே மோட்டாரை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. "என்னப்பா, உன் போன் ஓடுதுன்னு சொல்லுச்சு, தண்ணியக் காணோமே?" என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடிய கதையே இனி வருவது.

சிப் எதைப் படித்தது?

பக்கம் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லிற்று. ஆனால் அதற்குத் தெரிந்தது எது என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. 'காலின் நிலை' என்று நாம் ஒரே பெயரால் சொல்வதற்குள் உண்மையில் மூன்று வெவ்வேறு செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, நிரலின் நினைவில் உள்ள மாறி. பலரும் எழுதும் நிரல்களில், கட்டளை வந்ததும் காலில் 1 எழுதிவிட்டு, 'மோட்டார் நிலை' என்ற மாறியிலும் 'ஓடுகிறது' என்று குறித்து வைப்பார்கள். பிறகு யார் கேட்டாலும் அந்த மாறியைத்தான் படித்துச் சொல்வார்கள். காலை அவர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நோட்டில் 'கடன் கொடுத்தாயிற்று' என எழுதிவைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பாராமல் இருப்பதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, வெளியீட்டுப் பதிவகம். சிப்பினுள் ஒவ்வொரு வெளியீட்டுக் காலுக்கும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் சுற்று உண்டு. நாம் எழுதிய 1 அல்லது 0 அதில் தங்கியிருக்கும். இதைப் படித்தால் காலுக்குக் கடைசியாக இடப்பட்ட கட்டளை என்ன என்பது ஐயமின்றித் தெரியும். மாறியைவிட இது மேலானது; ஏனெனில் நிரலின் வேறு ஏதேனும் பகுதி காலை மாற்றியிருந்தாலும் பதிவகம் அதைக் காட்டிவிடும். எனினும் இதுவும் கட்டளைதான்.

மூன்றாவது, காலில் உண்மையாக உள்ள மின்னழுத்தம். இதைப் படிப்பதற்கு வேறொரு பதிவகம், அதாவது உள்ளீட்டுப் பதிவகம், இருக்கிறது. காலிலுள்ள மின்னழுத்தம் வழங்கு மின்னழுத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் 1 என்றும், கால் பங்குக்குக் கீழ் இருந்தால் 0 என்றும் அது உறுதியாகக் கொள்ளும். காலோடு இணைந்த கம்பி எங்கேனும் தரையோடு ஒட்டிக்கொண்டால், வெளியீட்டுப் பதிவகம் 1 என்றே சொல்லிக்கொண்டிருக்க, உள்ளீட்டுப் பதிவகம் 0 என்று காட்டும். இவ்விரண்டும் வேறுபடும் கணமே பழுது உண்டென்பதற்கு அறிகுறியாகும்.

ஆர்டுயினோ முறையில் நிரல் எழுதுவோர் வழங்கும் 'டிஜிட்டல் ரீட்' என்ற ஆணை, 8266 சிப்பில் உள்ளீட்டுப் பதிவகத்தைத்தான் படிக்கிறது. வெளியீட்டுக் கால் என அமைத்த காலையும் அவ்வாறு படிக்கலாம். 32ஆம் சிப்பில் சற்றே கவனம் வேண்டும். நிறுவனத்தின் சொந்த நிரல் தொகுப்பில் ஒரு காலை 'வெளியீடு மட்டும்' என அமைத்தால் அதன் உள்ளீட்டு வழி அடைபட்டிருக்கும். அப்போது காலில் 3.3 வோல்ட் இருந்தாலும் படிப்பு எப்போதும் 0 என்றே வரும். 'உள்ளீடும் வெளியீடும்' என்ற முறையில் அமைத்தால்தான் சரியான விடை கிடைக்கும். கால் கெட்டுவிட்டதென்று எண்ணிப் புதுச் சிப் வாங்கத் துணிவோர் இதை முதலில் சரிபார்ப்பது நலம்.

இன்னும் இரண்டு சிறு குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். நோட்எம்சியு என்னும் பலகையில் 'டி1' என்று அச்சிட்டிருக்கும் கால், சிப்பின் கணக்கில் 5ஆம் எண் கால். 'டி2' என்பது 4ஆம் எண் கால். பலகையின் எண்ணையும் சிப்பின் எண்ணையும் மாற்றிப் படித்தால் வேறொரு காலின் நிலையைப் பார்த்து ஏமாறுவோம். அடுத்து, கடையில் கிடைக்கும் ரிலே பலகைகளில் பல, காலில் 0 வந்தால்தான் இழுக்கும்படி அமைந்தவை. அங்கே 1 என்பதற்குப் பொருள் 'நின்றுள்ளது' என்பதாகும். எண்ணை அப்படியே 'ஓடுகிறது' என மொழிபெயர்த்தால் பக்கம் தலைகீழாகப் பேசும்.

காலுக்கு அப்பால்

மேற்சொன்ன மூன்றையும் பிழையின்றிச் செய்தாலும் சித்தப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. அன்றிரவு மாறி 1 எனச் சொன்னது, பதிவகமும் 1, காலிலும் 3.3 வோல்ட் இருந்தது. சிறு ரிலேயும் ஒழுங்காக இழுத்துத்தான் இருந்தது. அறுபட்டது அதற்கு அடுத்த கண்ணி. காலின் நிலையை எவ்வளவு நுட்பமாகப் படித்தாலும் அது 'ஓடு என்று சொல்லியிருக்கிறேன்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. 'ஓடுகிறது' என்பது வேறு செய்தி. அதை மோட்டாரிடமிருந்துதான் பெற வேண்டும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர் என்பதற்கு நம் மாவட்டத்துக் கண்மாய்களே சான்று. பழைய கண்மாய்களின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்களோடு நிற்கும் குமிழித் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அடைப்பைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக மறுபுறம் வெளிப்படும். அடைப்பைத் தூக்குவது ஓரிடம். நீர் வருவது வேறோரிடம். இடையிலுள்ள வழி கண்ணுக்குத் தெரியாது. சேறு அடைத்திருந்தால் உள்ளே அடைப்பு முழுதும் திறந்திருந்தும் வெளியே நீர் வராது. ஆகவே மடை திறந்ததா என்பதை வாய்க்காலில் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். குமிழித் தூம்பு நம் வெளியீட்டுக் கால். வாய்க்கால் நாம் பார்க்க வேண்டிய இடம்.

இதே பிழை பேரளவில் நேர்ந்ததும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் 1979 மார்ச் 28 அதிகாலை ஒரு பழுது ஏற்பட்டது. அழுத்தம் மிகுந்ததால் ஒரு வால்வு தானே திறந்துகொண்டது. அழுத்தம் தணிந்ததும் 'மூடு' என்ற கட்டளை அதற்குப் போயிற்று. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டதென்று பணியாளர்கள் கொண்டனர். ஆனால் அந்த விளக்கு, வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே காட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தது. வால்வோ சிக்கிக்கொண்டு திறந்தே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிவிட்டது. சுருளின் நிலையை வால்வின் நிலையாகப் படித்ததே அவ்விபத்தைப் பெரிதாக்கிய காரணங்களுள் ஒன்றாகும். என் வலைப்பக்கமும் அந்த விளக்கும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்று அறிந்தபோது எனக்கு வியர்த்தது.

இரயில்வேயில் இப்பிழைக்கு இடமளிப்பதில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி, மானாமதுரைக்குச் செல்லும் நம் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் வண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், பாதை மாற்றும் நாக்குத் தண்டவாளங்கள் இருக்கும். அவற்றுக்கு 'நகர்' என்று கட்டளை அனுப்பியாயிற்று என்பதால் மட்டும் கைகாட்டி இறங்காது. பச்சை விளக்கும் எரியாது. அவை உண்மையாகவே நகர்ந்து, தண்டவாளத்தோடு ஒட்டி, பூட்டிக்கொண்டன என்பதை அங்கேயே உள்ள தனித் தொடர்புகள் மெய்ப்பித்த பிறகே வண்டிக்கு அனுமதி கிடைக்கும். கட்டளைக்கு ஒரு கம்பி, மெய்ப்பிப்புக்கு ஒரு கம்பி என்பதே அங்குள்ள நெறி.

மெய்ப்பிக்கும் வழிகள்

அந்நெறியை நம் மோட்டாருக்கும் கொண்டுவரலாம். அதற்கு மூன்று இடங்கள் உண்டு.

காண்டாக்டரின் பக்கத்தில் துணைத் தொடர்பு ஒன்று இருக்கும். காண்டாக்டர் மூடினால் அதுவும் மூடும். அதைச் சிப்பின் ஓர் உள்ளீட்டுக் காலுக்கும் தரைக்கும் இடையே இணைத்தால், காண்டாக்டர் உண்மையில் இழுத்ததா என்பது தெரிந்துவிடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 415 வோல்ட் இருப்பதால், இடையே ஒளிவழி இணைப்பி எனப்படும் ஆப்டோகப்ளரை வைப்பது இன்றியமையாதது. ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளியுணர் டிரான்சிஸ்டர்; இடையில் ஒளி மட்டுமே கடந்து செல்லும்.

இரண்டாவது இடம் மோட்டாருக்குச் செல்லும் கம்பி. அதைச் சுற்றி ஒரு மின்னோட்ட மாற்றியை மாட்டினால் கம்பியைத் தொடாமலேயே மின்னோட்டத்தை அளக்கலாம். நாம் பாடத்தில் படித்த மின்மாற்றித் தத்துவமே இது. மோட்டாருக்குச் செல்லும் கம்பி ஒற்றைச் சுற்று முதன்மைச் சுருள். மாற்றியில் உள்ளது பல சுற்றுத் துணைச் சுருள். துணைச் சுருளோடு ஒரு தடையை எப்போதும் இணைத்தே வைக்க வேண்டும்; திறந்து விட்டால் அதன் முனைகளில் மிகுந்த மின்னழுத்தம் தோன்றலாம். அத்தடையின் முனைகளில் கிடைக்கும் சிறு மின்னழுத்தத்தைச் சீராக்கி, 8266இல் உள்ள ஒரே ஒப்புமை உள்ளீட்டுக் காலுக்குக் கொடுக்கலாம். அது 0 முதல் 1 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தத்தை 1024 படிகளாகப் பிரித்துச் சொல்லும்.

இதன் சிறப்பு, 'ஓடுகிறதா' என்பதோடு 'எப்படி ஓடுகிறது' என்பதையும் காட்டுவது. ஏழெட்டு ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் மின்னோட்டம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால் கிணற்றில் நீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுழல்கிறது என்று ஊகிக்கலாம். மிகுந்தால் சுமை ஏறியிருக்கிறது அல்லது ஒரு முனை போயிருக்கிறது என்று அறியலாம். சுருள் எரிந்துபோவதற்குள் நிறுத்திவிட நேரம் கிடைக்கும். நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுக்க ஆகும் செலவை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மூன்றாவது இடம் நீர் விழும் குழாய். அங்கே ஓர் ஓட்ட உணரியை வைத்தால் சங்கிலியின் கடைசிக் கண்ணியையும் தொட்டுவிடுகிறோம். உழவர் கேட்பது உண்மையில் மோட்டாரைப் பற்றியன்று. தண்ணீரைப் பற்றியே அல்லவா?

கேட்பதே கட்டளையாகிவிடக் கூடாது

வலைப்பக்கத்தைப் பற்றியும் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. இரண்டும் பட்டறிந்தவை.

வலையில் கேள்வி அனுப்பும் முறைகளுள் 'கெட்', 'போஸ்ட்' என்னும் இரண்டு முக்கியமானவை. முன்னது படிப்பதற்கு, பின்னது மாற்றுவதற்கு. என் முதல் நிரலில் எளிமை கருதி, 'போடு' என்ற முகவரியைத் திறந்தாலே மோட்டார் ஓடும்படி வைத்திருந்தேன். உலாவியோ பழைய பக்கங்களை நினைவில் வைத்திருக்கும். ஒருநாள் சித்தப்பா நிலையைப் பார்க்க எண்ணிக் கைப்பேசியைத் திறந்தார். கடைசியாகப் பார்த்த பக்கத்தை உலாவி தானாகவே மறுபடி வரவழைத்தது. அப்பக்கத்தின் முகவரி 'போடு' என்பதாக இருந்தது. யாரும் தொடாமலேயே மோட்டார் ஓடத் தொடங்கிற்று. நிலையைக் கேட்பது ஒருபோதும் நிலையை மாற்றக் கூடாது என்பதை அன்று கற்றேன். கட்டளைகளை 'போஸ்ட்' முறைக்கும் கடவுச்சொல்லுக்கும் உட்படுத்திய பிறகே நிம்மதி வந்தது.

அடுத்தது, பழைய செய்தி. பக்கம் காட்டுவது அது திறக்கப்பட்ட கணத்தின் நிலையை. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே எழுத்துதான் திரையில் இருக்கும். ஆகவே சில வினாடிகளுக்கு ஒருமுறை பக்கம் தானே மறுபடி கேட்குமாறு அமைக்க வேண்டும். விடை வராவிட்டால் பழைய விடையை அழித்துவிட்டு 'தொடர்பு இல்லை' என்று காட்ட வேண்டும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சாய்த்தபோது கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளிலும் 'ஓடுகிறது' என்று எழுதியபடியே நிற்கும் பக்கத்தால் என்ன பயன்? ஓடுகிறது, நின்றுள்ளது என்ற இரண்டு விடைகளோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவது விடையும் நேர்மையான கருவிக்கு வேண்டும்.

தொலைவிலிருந்து இணையம் வழியாகப் பார்ப்போர் 'எம்க்யூடிடி' என்னும் முறையை நாடுவது வழக்கம். 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக வகுத்த முறை அது. இடையில் அஞ்சலகம் போன்ற ஒரு கணிப்பொறி செய்திகளைப் பெற்று உரியவருக்குத் தரும். அதில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. கருவி இணையும்போதே 'என் தொடர்பு எதிர்பாராமல் அறுந்துபோனால் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடு' என ஒரு செய்தியை ஒப்படைத்து வைக்கலாம். இதற்கு 'இறுதி விருப்பம்' என்றே பெயர். கருவி மௌனமானால் சிறிது நேரத்தில் அந்தச் செய்தி நம்மை வந்தடையும்.

உயிர் சார்ந்த ஒரு சொல்

கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை இறுதிக்கென்று வைத்திருந்தேன். அமைப்பைத் திருத்துவதற்கு முன், ஒருநாள் மாலை பக்கம் 'நின்றுள்ளது' எனக் காட்டியது. கொட்டகையில் ஒரு கம்பி தளர்ந்திருந்ததைச் சரிசெய்யச் சித்தப்பா போனார். நானும் உடன் சென்றேன். அன்று மின்சாரமும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்ததால் கிணற்றில் ஓசை இல்லை. கம்பியைப் பிடிக்குமுன் பழக்கத்தால் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டரின் சிறு விளக்கு எரிந்தது.

காரணம் பிறகு தெரிந்தது. சிறு ரிலேயின் தொடர்பு முனைகள் தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. காலில் 0 வோல்ட். சுருளிலும் மின்சாரம் இல்லை. ஆனாலும் ரிலே திறக்கவில்லை. என் வலைப்பக்கம் கட்டளையைச் சரியாகவே படித்து, 'நின்றுள்ளது' எனச் சொல்லிக்கொண்டிருந்தது. சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "தம்பி, உன் போன் சொல்றது கேட்டுக்கிறதுக்கு, கை வைக்கிறதுக்கு இல்ல" என்று மட்டும் சொன்னார். பியூஸ் கட்டையைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார்.

எத்தனை உணரிகளைச் சேர்த்தாலும் அந்த விதி மாறாது. ஓட வேண்டியது ஓடவில்லையானால் ஒருநாள் தண்ணீர் போகும். நின்றதாகச் சொன்னது நிற்கவில்லையானால் ஓர் உயிரே போகக்கூடும். எனவே வலைப்பக்கத்தை நம்பி மின்கம்பியில் கை வைக்க ஒருவருக்கும் உரிமையில்லை. இதை இத்தகைய கருவியைச் செய்யும் மாணவர் ஒவ்வொருவரும் கொட்டகைக் கதவிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இன்று சித்தப்பாவின் கைப்பேசியில் தெரியும் பக்கம் முன்பு போல ஒற்றைச் சொல் காட்டுவதில்லை. நான்கு வரிகள் காட்டுகிறது.

கட்டளை: ஓடு
காண்டாக்டர்: மூடியுள்ளது
மின்னோட்டம்: 7.4 ஆம்பியர்
கடைசிச் செய்தி: 3 வினாடிகளுக்கு முன்

முதல் வரிக்கும் அடுத்த வரிகளுக்கும் முரண்பாடு நேர்ந்தால் பக்கம் சிவப்பாக மாறி, கைப்பேசி ஒலி எழுப்புகிறது. கண்டறிந்த பழுதுகளில் பெரும்பாலானவை அந்த முரண்பாட்டில்தான் சிக்கின. குழாயில் ஓட்ட உணரி வைப்பது மட்டும் பாக்கியிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அந்த வேலை.

நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்தில் சிப்பின் காலைப் படித்து விளக்கின் நிறத்தை மாற்றிப் பார்ப்பது எளிது. அது நல்ல தொடக்கமும் ஆகும். அதைச் செய்து முடித்ததும் அங்கேயே நின்றுவிடாமல், ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். நான் படிப்பது சொன்னதையா, நடந்ததையா? இக்கேள்வியைக் கேட்கப் பழகியவர் செய்யும் கருவியை, நள்ளிரவில் வரப்பில் நடக்கும் உழவர் நம்பி உறங்கலாம்.